கைம்மாற்று

புன்டா அரேனாஸில் வசந்தம் என்றால் காற்று.
நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடிக்காமல் நடந்தால்
தூக்கிக்கொண்டு போய் ஜலசந்தியில் போட்டுவிடும் என்று
வெளியூர்க்காரர்களிடம் சொல்வோம்.
பாதி பொய்.

என் அப்பா கயிற்றைப் பிடிப்பதில்லை.
எதிரே வருகிறவரின் முழங்கையைப் பிடிப்பார்.
வங்கி மேலாளரோ, பள்ளிக்கூடத்துப் பையனோ,
தொப்பியைத் துரத்திக்கொண்டிருக்கும் பாதிரியாரோ.
"கொஞ்சம் அந்தப் பக்கம் விட்டுவிடுங்கள்."
தெருவைக் கடப்பதற்குள்
அவர்கள் ஈரல் எப்படியிருக்கிறது என்பதுவரை
விசாரித்து முடித்திருப்பார்.

அவருக்கு எண்பத்தாறு.
எனக்கு ஐம்பத்தெட்டு.
நான் கயிறு.

எட்டு வயதில் என்னிடம் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்புவார்,
மிலிட்சா அம்மாள் வீட்டில் சர்க்கரை வாங்கி வர.
பிறகு ஏணி. பிறகு விறகு.
ஒரு கல்யாணத்துக்கு
யாருடையதோ கோட்டு, கை நீளம்.
அம்மா இறந்தபோது
சவப்பெட்டிக்கு ஏழு வீட்டுப் பணம்.
அந்த ஏழு வீடுகளும் இன்றும் எனக்கு வரிசையாகத் தெரியும்.
அவற்றின் கதவுகளை அல்ல,
வாசல் படிகளை.
குனிந்தே நடந்தேன்.

யாரிடமும் எதையும் கேட்பதில்லை என்று
பதினோரு வயதில் சபதம் செய்தேன்.
காப்பாற்றவும் செய்தேன்.
பிரசவ வலியோடு பேருந்தில் போனேன், நின்றுகொண்டு.
புருஷன் விட்டுப்போன அன்று
அவனுடைய அலமாரியைத்
தனியாளாக இரண்டு மாடி இறக்கினேன்.
பனி விழப்போகிறது என்பதை
வானொலிக்கு முன்னால் என் இடுப்பு சொல்கிறது.

ஜூனில் என் காகிதக் கடையை மூடினேன்.
வங்கிக் கடிதங்கள்
அடுப்புக்குக் கீழே இழுப்பறையில்,
கேக் தட்டுகளுக்கு அடியில்.
ஞாயிறுதோறும் அப்பா கேட்பார்.
"பரவாயில்லை" என்பேன்.

இந்த ஞாயிறு அவர் செருப்பைக் கழற்றினார்.
"குனிய முடியவில்லை, நெவென்கா. வெட்டிவிடு."
பாதத்தை என் மடியில் வைத்தார்.
வைத்தார் என்றால்
முழுப் பாரத்தையும்.
நகம் ஆட்டுக் கொம்பு மாதிரி.
அவர் பாட்டுக்கு
கலாஃபாத்தே ஜாமைக் கரண்டியால் வழித்துத் தின்றுகொண்டிருந்தார்.

போன வருஷம் மருத்துவமனையில்
தாதி என் காலைப் பிடித்துக் கட்டுப் போட்டாள்.
அவளுக்குக் கனக்கக் கூடாதென்று
கடைசிவரை நானே அதை
அந்தரத்தில் தூக்கிப் பிடித்திருந்தேன்.
தொடை நடுங்கியது.
"தளர்த்துங்கள் அம்மா" என்றாள் இரண்டு தடவை.
எப்படி என்று தெரியவில்லை.

"உங்களுக்குக் கூச்சமாகவே இருந்ததில்லையா?"
"கழுவிவிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

மூன்றாவது விரலில் ஞாபகம் வந்தது.
மிலிட்சா அம்மாளின் மகன் படகோடு போன ராத்திரி,
இரவு உடுப்போடு, ஒற்றைச் செருப்போடு
அவள் வந்து தட்டியது எங்கள் கதவை.
பக்கத்தில் டாக்டர் வீடு இருந்தது.
எதிரே, பெரிய விளக்கு எரிகிற
கம்பளி வியாபாரி வீடு.
ஏன் இங்கே என்று
படுக்கையில் படுத்தபடி
எரிச்சலோடு யோசித்தேன்.
சர்க்கரைக் கிண்ணம்
அடுக்கில் கவிழ்ந்திருந்தது, அவளுடையது,
திருப்பித் தராதது.

ஐந்தாவது விரலில் நகவெட்டி நின்றுவிட்டது.

"அப்பா, கடை போய்விட்டது."

அவர் கரண்டியை வைத்தார்.
காலை எடுக்கவில்லை.
எவ்வளவு என்று கேட்டார்.
சொன்னேன்.
நீளமாகச் சீட்டியடித்தார்,
துறைமுகத்தில் பெரிய கப்பல் வந்தால் அடிப்பதுபோல.

பிறகு இடது கையை விரித்து
ஒவ்வொரு விரலாக மடக்கத் தொடங்கினார்.
"முதலில் யாரிடம் போவோம்?
அந்த டாக்டரின் மருமகன் இருக்கிறான்.
சரி, நீ மற்றக் காலையும் முடி.
நான் கோட்டு போடுகிறேன்."

"இப்போதா? வெளியே காற்றைப் பாருங்கள்."

"நல்லதாய்ப் போயிற்று" என்றார்.
"எவனும் ஓட முடியாது."